இருமொழிச் செய்நிரல்களின் இணக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் அண்மையில் அமைந்துள்ள மாளிகாவத்தை, கொழும்பு மாநகரில் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளுள் ஒன்று. அதன் பெயரை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலப்படும். சிங்கள மொழியில் அவ்விடம் 'மாளிகாவத்த' எனப்படும்; மாளிகைத் தோட்டம் என்பது அதன் பொருள். தமிழர் நாவில் அச்சொல் வழங்கத் தொடங்கியபோது ஈற்றில் ஐகாரம் பெற்று 'மாளிகாவத்தை' ஆயிற்று. 'வெள்ளவத்த' வெள்ளவத்தையானதும், 'தெமட்டகொட' தெமட்டகொடையானதும் இம்முறை பற்றியே. பிறமொழிச் சொல் தமிழுட் புகுங்கால் அம்மொழிக்குரிய எழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்னும் நெறியைத் தொல்காப்பியர் வடசொற்களை நோக்கி வகுத்துச் சென்றார். எல்லையிற் சொல்லின் வடிவம் மாறலாம். சுட்டப்படும் பொருள் மாறலாகாது. மாளிகாவத்த என்றாலும் மாளிகாவத்தை என்றாலும் வண்டி ஒரே இடத்திற்கே செல்லுகின்றது.

இயற்கை மொழிகளிடை நிகழும் இவ்வுறவை ஒத்ததொன்று கணினிகளுக்கென மனிதர் படைத்த செயற்கை மொழிகளிடையும் நிகழ்கின்றது. ஒரு மொழியில் எழுதப்பட்ட செய்நிரல் வேறொரு மொழியில் எழுதப்பட்ட செய்நிரலை அழைத்து, வேண்டிய தரவைக் கொடுத்து, விடையைப் பெற்று மீளுதல் எங்ஙனம்? இவ்வினா எப்போது எழுந்தது, எவ்வெவ்வாறு விடை காண முயன்றனர், அம்முயற்சிகளில் எது நிலைத்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம்மூர் உவமை ஒன்றைக் கூறுதல் பொருந்தும். இலங்கையின் தலைமைப் புகையிரதப் பாதைகள் 5 அடி 6 அங்குல அகலமுடையன. மருதானையிலிருந்து பிரிந்து அவிசாவளை நோக்கிச் செல்லும் களனிவெளிப் பாதையோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 2 அடி 6 அங்குல அகலத்தில் இடப்பட்டது. ஒரு பாதைக்குரிய வண்டி மற்றைப் பாதையில் ஓடாது. பொருள்களை ஒன்றிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றவேண்டும். இந்நிலை 1990-களிற் களனிவெளிப் பாதை அகலப்படுத்தப்படும் வரை நீடித்தது. இத்தகைய இடருக்கு வழிகள் இரண்டே உள. ஒன்று, எல்லாப் பாதைகளையும் ஒரே அகலமாக்குதல். மற்றொன்று, பாதைகள் சந்திக்குமிடத்திற் செம்மையான மாற்றுநிலையம் அமைத்தல். புகையிரதப் பகுதியார் ஈற்றில் முதல் வழியைக் கைக்கொண்டனர். கணினி உலகினரும் முதற்கண் அவ்வழியையே விரும்பினர். ஆனால் அங்கு அது பயன்தரவில்லை. அதன் காரணத்தை வரலாறு காட்டும்.

1949-ஆம் ஆண்டு மே மாதத்திற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் தலைமையில் எட்சாக் என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் மொழிகள் பலவாகப் பெருகவில்லை. பொறி எதனை விளங்குமோ அதற்கு மிக அணுகிய குறியீடுகளிலேயே கட்டளைகளை எழுதினர். எனினும், ஒருவர் எழுதிய கணக்கு முறையை மற்றொருவர் மீண்டும் எழுதாமற் பயன்படுத்தல் வேண்டும் என்னும் அவா அப்போதே தோன்றிவிட்டது. டேவிட் வீலர் என்பார், தலைமை நிரலிலிருந்து துணைநிரலுக்குத் தாவி, அதன் வேலை முடிந்ததும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவரும் உபாயத்தைக் கண்டார். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட நூல் இத்துணைநிரல்களின் தொகுதியை விரித்துரைத்தது. எங்கிருந்து வந்தேன், எதனைக் கொண்டுவந்தேன், விடையை எங்கே வைப்பேன் என்னும் மூன்று வினாக்களுக்கும் அழைப்போனும் அழைக்கப்படுவோனும் முன்கூட்டியே உடன்பட்டிருத்தல் வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று. பின்னெழுந்த இணக்க முறைகள் அனைத்திற்கும் இவ்வுடன்பாடே வித்து.

அடுத்த பத்தாண்டில் மொழிகள் தோன்றின. ஜோன் பக்கஸ் என்பாரின் குழுவினர் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாக்கிய போர்ட்ரான் 1957-இல் வெளிவந்தது. அது விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் செய்யும் எண்கணக்கிற்கு உரியது. கிரேஸ் ஹொப்பர் அம்மையாரின் ஆய்வுகளை அடியொற்றி 1959-இற் கூடிய குழுவினர் வகுத்த கோபோல், வாணிகக் கணக்கிற்கும் அரசாங்க ஏடுகளுக்கும் உரியது. ஜோன் மக்கார்த்தி வகுத்த லிஸ்ப், குறியீடுகளைக் கொண்டு சிந்திக்கும் ஆய்வுகளுக்கு உரியது. ஒவ்வொன்றும் தன் துறையில் வல்லது. பிறிதொன்றின் துறையில் இடர்ப்படுவது. பாதைகளின் அகலத்திற்கும் மொழிகளின் வேற்றுமைக்கும் உள்ள பேதம் இதுவே. எப்பாதையாயினும் செய்வது வண்டியைத் தாங்குதல் என்னும் ஒரே தொழில். மொழிகளோ வெவ்வேறு தொழில்களுக்கெனப் பிறந்தவை. ஆதலின் ஒன்றை அழித்து மற்றொன்றாக்கின், அழிந்ததன் ஆற்றலும் உடனழியும்.

இதனை உணராது செய்த முயற்சிகள் பல. 1960-களின் நடுப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனம் போர்ட்ரானுக்கும் கோபோலுக்கும் பதிலாக அவ்விரண்டின் இயல்புகளையும் அடக்கிய பி.எல்.1 என்னும் மொழியைக் கொணர்ந்தது. அது சில இடங்களில் வழங்கியது உண்மை. ஆயினும் முன்னிரண்டும் மறையவில்லை. பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் பணிகளில் நானூறுக்கு மேற்பட்ட மொழிகளும் அவற்றின் கிளைகளும் வழங்குவதைக் கண்டு திகைத்து, ஏடா என்னும் ஒரே மொழியை ஆக்குவித்தது. 1983-இல் அதற்குத் தரநிர்ணயம் செய்யப்பட்டது. அதனைக் கட்டாயமாக்கும் ஆணைகளும் பிறந்தன. பேரரசொன்றின் பணமும் அதிகாரமும் பின்னின்றும், 1997-இல் அக்கட்டாயம் கைவிடப்பட்டது. ஏடா இன்றும் வானூர்தி முதலிய துறைகளில் மதிப்புடன் வாழ்கின்றது. ஆனால் ஏனைய மொழிகளை அகற்றிய மொழியாக அன்று, பல மொழிகளுள் ஒன்றாகவே வாழ்கின்றது.

நிற்க, இரண்டாவது வழியாகிய மாற்றுநிலையத்தின் அமைப்பை நோக்குவோம். எம்மொழியில் எழுதினும், தொகுப்பி என்னும் நிரல் அதனைப் பொறிமொழியாக மாற்றுகின்றது. தனித்தனியே மாற்றப்பட்ட பகுதிகளை இணைப்பி என்னும் வேறொரு நிரல் ஒன்றாகக் கோக்கின்றது. பொறியளவில் எல்லாம் ஒரே மொழியாகிவிடுகின்றனவே, பின் இடர் யாதெனின், சொற்கள் ஒன்றாயினும் வழக்கங்கள் வேறாயிருத்தலே இடர். அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசையில் 1, 2, 3 என்னும் எண்களும் இரண்டாம் வரிசையில் 4, 5, 6 என்னும் எண்களும் உள்ளன. சி மொழி இதனை வரிசை வரிசையாக 1, 2, 3, 4, 5, 6 என நினைவகத்தில் அடுக்கும். போர்ட்ரான் நிரல் நிரலாக 1, 4, 2, 5, 3, 6 என அடுக்கும். மேலும், வேறுவிதமாக அறிவித்தாலன்றிப் போர்ட்ரான் எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து. சி எண்ணத் தொடங்குவது சுழியிலிருந்து. ஆகவே ஒன்று கொடுத்த அணியை மற்றொன்று அவ்வாறே வாங்கிக் கணக்கிட்டால் விடை பிழையாகும். பொறி யாதொரு முறைப்பாடும் செய்யாது. பிழையான விடையையே செம்மையாக அச்சிட்டுத் தரும். எல்லையில் நிகழும் பிழையின் கொடுமை இது: இருபுறத்தாரும் தத்தம் இலக்கணப்படி குற்றமற்றவராயிருக்க, இடையிற் பொருள் கெடுகின்றது.

பெயர்களிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. போர்ட்ரான் தொகுப்பிகள் பல, துணைநிரலின் பெயரோடு ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து எழுதும். சி மொழியிலிருந்து கிளைத்த சி++ மொழியின் தொகுப்பிகளோ, அத்துணைநிரல் எத்தகைய தரவுகளை ஏற்கும் என்பதையும் பெயருடன் புணர்த்து எழுதும். பிறமொழி நிரல் அப்பெயரைத் தேடிக் காணாது மயங்கும். அதனால் 'இப்பகுதியை மட்டும் சி மொழி வழக்கப்படி பெயரிடுக' என அறிவிக்கும் முறை அம்மொழியில் வகுக்கப்பட்டது.

இன்னும் நுட்பமானது நினைவகத்தின் உடைமை. சில மொழிகளில் நிரலெழுதுவோன் கேட்டுப் பெற்ற இடத்தைத் தானே திருப்பியளித்தல் வேண்டும். வேறு சிலவற்றில் மொழியே பயன்படாத இடத்தைக் கண்டு மீட்டுக்கொள்ளும். இவ்விருவகை மொழிகளும் கூடும்போது, எல்லை கடந்து சென்ற பொருளைத் திருப்பியளிப்பவர் யார்? திருமண வீட்டிற்கு அயலிலிருந்து இரவலாக வந்த பாத்திரங்களை இதற்கு உவமை கூறலாம். கொடுத்தவர் 'அவர் தருவார்' என்றும், வாங்கியவர் 'அவர் எடுப்பார்' என்றும் இருந்துவிட்டால் பாத்திரம் மூலையிற் கிடக்கும். கணினியில் நினைவகம் வீணே நிரம்பும். இருவரும் ஒன்றையே இருமுறை ஒப்படைக்க முயன்றால் வேலை முழுவதும் குலையும். ஆதலின் எல்லை உடன்பாட்டில் வடிவம் மட்டுமன்றிப் பொறுப்பும் எழுதப்படல் வேண்டும்.

இவ்வுடன்பாடுகளுக்குப் பொதுமொழியாக அமைந்தது சி. டென்னிஸ் ரிச்சி என்பார் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972-ஐ ஒட்டி இதனை உருவாக்கினார். யூனிக்ஸ் என்னும் இயக்குமுறைமை 1973-இல் இம்மொழியில் திருப்பி எழுதப்பட்டது. இயக்குமுறைமையுடன் உரையாட விரும்பிய ஒவ்வொரு மொழியும் சி மொழியின் வழக்கத்தை அறிய வேண்டியதாயிற்று. அது மொழிகளுள் மிகச் சிறந்தது என்பதனாலன்று, எல்லோரும் முன்னரே அறிந்தது என்பதனாலேயே அப்பதவி பெற்றது. இந்நாட்டு வரலாற்றில் இதற்கோர் ஒப்புண்டு. 1656-இற் கொழும்பைப் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆயினும் ஒல்லாந்தர் ஆட்சியிலும் பல இனத்தார் தம்முள் உரையாடப் போர்த்துக்கேயக் கலப்புமொழியே நெடுங்காலம் வழங்கியது. கோட்டையைப் பிடித்தவரால் வழக்கைப் பிடிக்க முடியவில்லை. புதிய மொழிகள் எத்துணை எழுந்தபோதும், அவை ஒன்றோடொன்று சந்திக்குமிடத்திற் சி மொழியின் வழக்கே இன்றும் பெரிதும் ஆளுகின்றது.

இவ்விணக்கத்தின் பயன் பெரிது. நேரியற் சமன்பாடுகளைத் தீர்க்கும் லாபாக் என்னும் நிரற்றொகுதி போர்ட்ரானில் எழுதப்பெற்று 1992-இல் வெளிவந்தது. கீடோ வான் ரொசம் 1991-இல் வெளியிட்ட பைதன் மொழி, கற்பதற்கு எளிது. கணக்கிடும் வேகத்திற் குறைந்தது. 2006-இல் வெளிவந்த நம்பை என்னும் தொகுதி, பைதனில் எழுதுவோருக்கு உள்ளே சி மொழியின் வேகத்தையும் லாபாக் முதலியவற்றின் முதிர்ந்த அறிவையும் அளித்தது. இன்று செயற்கை நுண்ணறிவுக்குரிய பெருங்கணக்குகளைப் பைதனில் எழுதுவோர் பெரும்பாலும் வேறு மொழிகளில் எழுதப்பட்ட உட்பகுதிகளையே இயக்குகின்றனர். ஒரு தலைமுறையின் உழைப்பு அடுத்த தலைமுறைக்குப் பயன்பட்டது, பழைய மொழியை எல்லோரும் கற்றதனாலன்று. பழைய மொழிக்கும் புதிய மொழிக்கும் இடையே பாலம் இட்டதனாலேயே.

இனித் தமிழர்க்கு நேரே உரியதொரு சான்றைக் காட்டுவோம். 'மாளிகாவத்தை' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? மா, ளி, கா, வ, த், தை என ஆறு என்பான் கீழ்வகுப்பு மாணவன். அச்சொல்லை யூனிகோட் முறையிற் பதிந்து பைதனிடம் வினவினால், பதினொன்று என்னும். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் அங்குத் தனித்தனிக் குறிகளாதலின். ஜாவாவும் பதினொன்று என்றே கூறும். 1992-இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யூ.டி.எப்.8 முறையிற் சேமித்துச் சி மொழியின் நீளங்காணும் துணைநிரலிடம் வினவினால், முப்பத்துமூன்று என்னும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் அங்கு மூன்று பைட்டுகளாதலின். மூன்று விடைகளும் தத்தம் முறையிற் சரியானவையே. ஆனால் ஒரு மொழியில் எழுதிய நிரல் 'இருபது இடம் போதும்' என ஒதுக்கிவிட, மற்றொரு மொழியில் எழுதிய நிரல் இப்பெயரை அனுப்பினால் நிகழ்வது யாது? முதல் ஆறு குறிகள் பதினெட்டு பைட்டுகளில் அடங்கும். ஏழாவது குறி நடுவே வெட்டுண்ணும். 'மாளிகா' என்பதும் அதன்பின் சிதைந்த குறியொன்றுமே எஞ்சும். நீளத்தைக் காவாத நிரலாயின், ஒதுக்கிய இடத்தைக் கடந்து அயலிலுள்ள தரவுகளையும் அழிக்கும்.

ஊர்ப்பெயருக்கு நேர்வது ஆட்பெயருக்கும் நேரும். ஆங்கில எழுத்திற்கு அம்முறையில் ஒரு பைட்டே வேண்டுமாதலால், ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டும் சோதித்த நிரலில் இக்குறை வெளிப்படாது. தந்தை பெயரும் தன் பெயரும் சேர நீண்டெழுதும் வழக்கமுடைய நம்மவர் பெயர்களிலேயே அது வெளிப்படும். ஏட்டிலுள்ள பெயர் ஒன்றாகவும் சான்றிதழிலுள்ள பெயர் வேறாகவும் நிற்பின், அல்லலுறுபவர் நிரலெழுதியவர் அல்லர். ஆதலால் எல்லை உடன்பாட்டைச் செவ்வனே எழுதுதல் நுண்கலை வல்லார் பொழுதுபோக்கன்று; குடிமக்களின் உரிமையைப் பேணும் கடமை.

பொருளின் வடிவு சரியாயிருந்தும் அளவு மாறினால் வரும் கேட்டை உலகம் 1999-இற் கண்டது. செவ்வாய்க் கோளுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க விண்கலமொன்று அவ்வாண்டு செப்டெம்பர் 23-ஆம் நாள் அழிந்தது. தரையிலிருந்த ஒரு நிரல் உந்துவிசையின் தாக்கத்தைப் பிரித்தானிய அளவாகிய இறாத்தலிற் கூறியது. அதனைப் பெற்ற நிரல் நியூட்டன் அளவெனக் கொண்டது. எண் எண்ணாகவே எல்லை கடந்தது. அதன் பொருள் கடக்கவில்லை.

ஒரே கணினியினுள் நிகழ்ந்த இணக்கம் பின்னர்த் தொலைவிலுள்ள கணினிகளிடையும் வேண்டப்பட்டது. ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் என்னும் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, தொலைவிலுள்ள துணைநிரலை அருகிலுள்ளது போல அழைக்கும் முறையை விளக்கியது. 1991-இற் கோர்பா என்னும் பொது ஏற்பாடு எழுந்தது. இவ்வரலாற்றிற் கொழும்பிற்கும் ஓரிடம் உண்டு என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். இலங்கையரான சஞ்சீவ வீரவரண, ஐ.பி.எம். நிறுவனத்தின் வாற்சன் ஆய்வுகூடத்திற் பணியாற்றியபோது, 1999-இல் ஜாவா நிரல்களோடு பிற எழுத்துநிரல் மொழிகளை இணைக்கும் சட்டகம் ஒன்றைத் தொடக்கினார். வலைச் சேவையொன்று எவற்றை ஏற்கும், எவற்றைத் தரும் என்பதை எம்மொழிக்கும் பொதுவாக எழுதிவைக்கும் விவரணமொழி 2001 மார்ச்சில் உலகளாவிய வலைச் சங்கத்தின் குறிப்பாக வெளிவந்தது. அதனை வகுத்த நால்வருள் அவரும் ஒருவர். நாடு திரும்பிய பின் லங்கா மென்பொருள் மன்றத்தையும், 2005-இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தையும் பிறருடன் சேர்ந்து நிறுவினார்.

அப்பாச்சி அமைப்பின் அக்சிஸ்2 என்னும் வலைச்சேவைப் பொறியின் அடிப்படை அமைப்பு 2004 ஆகஸ்டிற் கொழும்பிற் கூடிய கூட்டத்தில் ஆராயப்பட்டது. ஜாவா மொழியில் அது எழுதப்பட்டதோடமையாது, சி மொழியிலும் தனியே எழுதப்பட்டது. இரண்டிலும் இந்நாட்டு இளைஞர் பலர் உழைத்தனர். ஒரே உடன்பாட்டை இரு மொழிகளில் நிறைவேற்றிக் காட்டியமையால், உடன்பாடு எம்மொழிக்கும் அடிமையன்று என்பது நிறுவப்பட்டது. அந்நிறுவனமே பின்னர்ப் பலரினா என்னும் மொழியை உருவாக்கி 2019-இல் அதன் முதற் பதிப்பை வெளியிட்டது. அம்மொழியிலிருந்து ஜாவாவில் உள்ள நிரல்களை அழைப்பதற்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. புதுமொழி படைத்தோரும் பழைய மொழிக்கு வாயில் வைத்தே வீடு கட்டினர் என்பது நோக்கற்பாலது.

இம்முயற்சிகள் அனைத்தும் அவ்வாறே நிலைத்தன என்று கூறுதல் உண்மையாகாது. வலைச்சேவைகளுக்கு வகுத்த விதிகள் நாளடைவில் மிகப் பெருகிச் சுமையாயின. பின்வந்தோர் பலர் எளிய வடிவங்களை நாடினர். உடன்பாடு குறைந்தாற் பொருள் கெடும். மிகுந்தால் உடன்படுவார் குறைவர். இவ்விரண்டிற்கும் இடையே அளவு காண்பதே அறிஞர் பணி. 1958-இல் எல்லா மொழிகளுக்கும் எல்லாப் பொறிகளுக்கும் நடுவே ஓர் இடைமொழி வேண்டும் என்ற கருத்து எழுந்தது. பத்து மொழிகளையும் பத்துப் பொறிகளையும் நேரே இணைக்க நூறு மொழிபெயர்ப்புகள் வேண்டும். இடைமொழி இருந்தால் இருபது போதும். அன்று அக்கனவு நிறைவேறவில்லை. ஆனால் 1990-களில் ஜாவாவின் மெய்ந்நிகர்ப் பொறியும், பின்னர் எல்.எல்.வி.எம். என்னும் தொகுப்பிக் கட்டமைப்பும், 2019-இல் வலைச் சங்கம் தரமாக ஏற்ற வெப்அசெம்பிளியும் அக்கனவின் பகுதிகளை நனவாக்கின. அவை வெற்றி பெற்றது, எழுதுவோரின் மொழியைப் பறியாமையினாலேயே.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. பல மொழிகள் இருத்தல் குறையன்று. தொழில் பலவாதலின் மொழியும் பலவாயின. ஒரு மொழியைக் கட்டாயமாக்கிப் பெறும் ஒருமை நிலைப்பதன்று. எல்லையில் வடிவம், அளவு, பொறுப்பு ஆகியவற்றை ஐயமற எழுதிய உடன்பாடே நிலைப்பது. 1956-இல் ஒரு மொழியை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டத்தையும், 1987-இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானதையும் கண்ட நாட்டினர் நாம். மனிதர் மொழிக்கும் பொறியின் மொழிக்கும் வேற்றுமை மிகப் பெரிது; ஒன்றின் விதியை மற்றொன்றின் மேல் ஏற்றுதல் ஆராய்ச்சியாகாது. ஆயினும் சட்டத்தில் ஒப்புக்கொண்ட மொழி ஒவ்வொரு கருமபீடத்திலும் ஒவ்வொரு கணினியிலும் சிதையாது சென்று சேர்தல் வேண்டுமெனின், அதனைச் செய்யவல்லார் நிரல் வல்லாரே. அவர்களுட் சிலர் இக்கல்லூரி மாணவராயிருப்பர். அவர்கள் எழுதும் நிரல் எதுவாயினும், அதில் முதற் சோதனையாக ஆங்கிலச் சொல்லொன்றோடு 'மாளிகாவத்தை' என்னும் சொல்லையும் இடுவாராக. ஆறெழுத்தும் குறையாது மறுகரை சேர்ந்தால், அந்நிரல் இந்நாட்டிற் பணிசெய்யத் தக்கதாகும்.